கரிக்கோடு விழும் பனிவயல்: பியெய் பயணக் குறிப்புகள்

முதல் நாள், மார்ச் 3, டோக்கியோ

நாளை காலை ஹொக்கைடோவுக்குக் கிளம்புகிறேன். பியெய் என்ற ஊரில் பனி மூடிய வயல்களைப் படம் பிடிக்கும் வேலை. ஒரு சிறிய பதிப்பகம் குளிர்கால வேளாண்மையைப் பற்றி ஒரு நூல் கொண்டுவருகிறது. அதற்குப் பன்னிரண்டு படங்கள் வேண்டும், எல்லாம் ஃபிலிமில் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். டோக்கியோவில் பதினொரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கட்டடங்கள், பீங்கான் கிண்ணங்கள், உணவக மெனு அட்டைகள் என்றே நாள்கள் ஓடுகின்றன. இப்படி ஒரு வேலை கைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது.

பையைக் காலி செய்து எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்திருக்கிறேன். நடுவில் மாமியா ஆர்.பி.67. இந்த வரிசையின் முதல் கேமரா 1970ல் வந்தது. பெயரில் உள்ள ஆர்.பி. என்பது சுழலும் பின்பகுதியைக் குறிக்கிறது. படுக்கைவாட்டில் எடுத்த காட்சியை நெடுக்குவாட்டில் எடுக்க வேண்டுமானால் கேமராவைச் சாய்க்க வேண்டியதில்லை, ஃபிலிம் இருக்கும் பெட்டியை மட்டும் திருப்பினால் போதும். 127 மி.மீ. லென்ஸுடன் சேர்த்தால் இரண்டரை கிலோவைத் தாண்டும். ஸ்டூடியோவுக்கென்று செய்த கருவி இது. ஆனாலும் பனிக்காட்டுக்கு இதைத்தான் எடுத்துப்போகிறேன், ஏனென்றால் இதற்குள் ஒரு பேட்டரிகூடக் கிடையாது. எல்லாம் பற்சக்கரமும் வில்லும். குளிரில் முதலில் சாவது பேட்டரிதான்.

பக்கத்தில் டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.யைவிடப் பெரிய பட அளவு) கேமரா, ஃபியூஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ்.100எஸ். 10 கோடிக்கு மேல் பிக்சல்கள், எடையோ பேட்டரியோடு சேர்த்து 900 கிராம்தான். மீடியம் ஃபார்மட் என்ற ஒரே பெயரில் அழைத்தாலும் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. டிஜிட்டல் கேமராவின் சென்சார் வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டத்தைப்போல, அதாவது ஒரு படம் பதியும் இடத்தைப்போல, பரப்பில் 1.7 மடங்கு. மாமியாவின் நெகட்டிவ் 4.5 மடங்கு. ஜப்பானியர்கள் இந்த அளவைச் 'சூபான்' என்கிறார்கள். அந்தச் சொல்லை இங்குள்ள பழைய கேமராக் கடைக்காரர்கள் சொல்லும்போது குரலில் ஒரு தனி மரியாதை தெரியும்.

மாலையில் ஷின்ஜுகு போய் ஃபிலிம் வாங்கினேன். கறுப்பு வெள்ளைக்கு 'அக்ரோஸ் II' என்ற ஃபிலிம், வண்ணத்துக்குப் புரொவியா. அக்ரோஸ் டப்பாவில் ஃபியூஜியின் பெயர் இருந்தாலும் தயாரிப்பு இங்கிலாந்து என்றே அச்சிட்டிருக்கிறது. 2018ல் நிறுத்தியதை 2019ல் மீண்டும் கொண்டுவந்தபோது ஏற்பட்ட மாற்றம் இது. நான் தொழில் கற்ற காலத்தில் ஆளின் தோல் நிறத்துக்கு நம்பியிருந்த புரோ 400ஹெச் 2021ல் நின்றுபோனது. வெளிச்சம் சரியா என்று பார்க்க ஓரிரு நிமிடத்தில் படம் தரும் எஃப்.பி.100சி 2016லேயே போய்விட்டது. அலமாரியில் ஒவ்வொரு வரிசையாகக் குறைவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இருக்கிறவரை வாங்கிப் பயன்படுத்துவதுதான் நம்மால் ஆகிற காரியம்.

மொத்தம் 20 ரோல். ஒரு ரோலுக்குப் பத்துப் படம்.

இரண்டாம் நாள், மார்ச் 4, ஹிகாஷிகாவா

விமான நிலையத்தில் ஃபிலிமைக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். பழைய எக்ஸ்ரே கருவியென்றால் ஒளியுணர்வு குறைந்த 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் தாங்கிவிடும். இப்போது பரவிவரும் சி.டி. ஸ்கேனர் அப்படியல்ல, ஒரே முறையில் ஃபிலிமின் மேல் மூட்டம் படிய வைத்துவிடும். அதனால் டப்பாக்களை வீட்டிலேயே பிரித்து, ரோல்களை மட்டும் கண்ணாடிபோலத் தெரியும் பையில் போட்டு வந்திருந்தேன். சோதனை செய்த பெண் ஒவ்வொரு ரோலையும் வெள்ளைக் கையுறையோடு எடுத்து, துணியால் ஒற்றி, எடுத்த வரிசை மாறாமல் திரும்ப அடுக்கிக் கொடுத்தார். அந்த ஒழுங்குக்கு மனதார நன்றி சொன்னேன்.

அசாஹிகாவாவில் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஜப்பானில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இந்த நகரத்தில்தான்: 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி. இன்று மைனஸ் ஆறு. பனி டயர் பூட்டிய வாடகைக் கார் எடுத்து, நேரே பியெய் போகாமல் பக்கத்து ஊரான ஹிகாஷிகாவாவில் தங்கினேன்.

படம் எடுப்பவர்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டிய ஊர் இது. 1985 ஜூன் 1 அன்று இந்தச் சிற்றூர் தன்னைப் 'புகைப்பட நகரம்' என்று அறிவித்துக்கொண்டது. அறிவித்ததோடு விட்டுவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புகைப்படக் கலைஞர்களுக்கு விருது கொடுக்கிறார்கள், படங்களை வாங்கிச் சேமிக்கிறார்கள். 1994 முதல் நாடெங்குமுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மூவர் மூவராக அணி சேர்ந்து போட்டிக்கு வருகிறார்கள். நெல் விளையும் ஊர், குழாய் நீர்த் திட்டமே இல்லாத ஊர். டைசெட்சு மலைப்பனி உருகி மண்ணுக்குள் இறங்கி வருவதைத்தான் வீட்டுக்கு வீடு ஊற்றெடுத்துக் குடிக்கிறார்கள். விடுதிக் குழாயில் பிடித்துக் குடித்தேன். பல் கூசும் குளிர்ச்சி, அடிநாக்கில் லேசான இனிப்பு.

மூன்றாம் நாள், மார்ச் 5, பியெய்

டோக்கியோவின் 23 வார்டுகளையும் சேர்த்தாலும் பியெய்யின் பரப்புக்கு எட்டாது. மக்களோ சுமார் பத்தாயிரம் பேர். மீதி முழுவதும் அலையலையாகக் குன்றுகள், குன்றெல்லாம் வயல்.

முதலில் டகுஷின்கானுக்குப் போனேன். மூடப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளி இருந்த இடத்தில் 1987ல் மாஎடா ஷின்சோ அமைத்த படக்கூடம். 1971ல் ஜப்பான் முழுவதும் நெடும்பயணம் செய்து முடித்த கையோடு இந்தக் குன்றுகளைக் கண்டவர், 1998ல் இறக்கும்வரை இங்கே வந்துகொண்டே இருந்தார். இந்த ஊர் அழகானது என்று ஜப்பானுக்குச் சொன்னவை அவருடைய படங்கள்தான். ஒரு சிவப்புக் கோதுமை வயலின் முன்னால் அரைமணி நேரம் நின்றேன். பெரிய ஃபிலிமின் அருமை அங்கே விளங்கியது. தூரத்து மரத்தின் கிளைகள்கூடக் கூசாமல் தனித்தனியாக நிற்கின்றன, ஆனால் எதுவும் கத்தவில்லை.

அந்தப் படங்களுக்குப் பின்னால் வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1970களில் கார், சிகரெட் விளம்பரங்களில் இவ்வூர் மரங்கள் இடம்பெற்றன. 'கென்னும் மேரியும் மரம்', 'செவன் ஸ்டார் மரம்' என்று பெயரும் பெற்றன. கூட்டம் பெருகியது. வயலின் நடுவில் ஒருபுறம் சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரத்துக்குத் 'தத்துவ மரம்' என்று பெயர். அதைப் படம் பிடிக்க வந்தவர்கள் எத்தனை சொல்லியும் கேளாமல் பயிரை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். 2016 பிப்ரவரியில் அதன் உரிமையாளரான விவசாயி மரத்தை வெட்டிச் சாய்த்தார். 2025 ஜனவரியில் செவன் ஸ்டார் மரத்துக்கு அருகே வரிசையாக நின்ற சுமார் 40 வெள்ளை பிர்ச் மரங்களும் வெட்டப்பட்டுவிட்டன. மர நிழல் பயிரைக் கெடுத்தது ஒரு காரணம், கூட்டத்தின் தொல்லை இன்னொரு காரணம்.

அந்த இடத்தில் காரை விட்டு இறங்கிப் பார்த்தேன். பனிக்கு மேல் வெறும் வானம். என் கையிலும் கேமராதான் இருந்தது. வெட்டியவர்மேல் கோபம் வரவில்லை, மிதித்தவர்கள்மேல்தான் வந்தது. அவர்களும் என் தொழிலையே கையில் ஏந்தி வந்தவர்கள் என்பதால் அது இரட்டிப்பாக வந்தது.

நான்காம் நாள், மார்ச் 6

காலை நான்கரைக்கு எழுந்தேன். சூரியன் ஆறு மணிக்கு. வெப்பமானி மைனஸ் 14 காட்டியது.

நேற்று மாலையே பார்த்துவைத்த திருப்பம் ஒன்று. இந்தப் பக்கத்துச் சாலைகளில் உயரமான கம்பங்களில் சிவப்பும் வெள்ளையுமாக அம்புக்குறி தொங்கும். சாலையின் ஓரம் இதுதான் என்று பனிக்காலத்தில் வண்டியோட்டிக்குக் காட்டுவதற்காக வைத்தது. அந்த அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் மட்டுமே நிற்பது என்று எனக்கு நானே வரையறுத்துக்கொண்டேன். காரைப் பொது நிறுத்தத்தில் விட்டுவிட்டு, 14 கிலோ பையுடன் 20 நிமிடம் நடந்தேன்.

மாமியாவை முக்காலியில் ஏற்றி, மேலே உள்ள மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் காட்சி விழும், இடம் வலமாக மாறி. அதன் மேல் மூச்சு பட்டால் போயிற்று: ஒரு நொடியில் வெண்படலம், அடுத்த நொடியில் அது உறைந்து ஊசி ஊசியாகப் படிகம். இறகுத் தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். ஆகவே மூச்சை அடக்கிக் குனிந்து, ஃபோகஸ் செய்து, நிமிர்ந்து பக்கவாட்டில் மூச்சை விட்டு, மறுபடி குனிந்தேன். இப்படி ஒரு சட்டத்துக்கு ஏழெட்டுத் தடவை.

பனியில் லைட் மீட்டரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் வெள்ளை சாம்பலாகிவிடும். அதனால் மீட்டர் சொன்னதைவிட வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டினேன். கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி, அதிர்வு அடங்கக் காத்திருந்து, பிறகு கேபிளால் ஷட்டர். ஃபிலிமை மெதுவாகத்தான் நகர்த்த வேண்டும். உலர்ந்த குளிரில் வேகமாக இழுத்தால் மின்னேற்றம் பொறிந்து, நெகட்டிவில் மின்னல் கொடிபோலக் கீறல் விழும். ஐந்து படம் எடுக்க 40 நிமிடம் ஆனது. டிஜிட்டல் கேமரா அதே நேரத்தில் 60 எடுத்துவிட்டுப் பேட்டரி கால்பாகத்துக்கு இறங்கி நின்றது.

ஆறாவது படத்துக்குக் குனிந்தபோது சரிவின் குறுக்கே ஒரு காலடித் தடம் கண்ணில் பட்டது. இரவில் யாரோ சாலையிலிருந்து இறங்கி, குன்றின் நடுவில் நிற்கும் மரம்வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள். டிஜிட்டலில் அழித்துவிடலாம். நான் அழிக்கப்போவதில்லை. அந்தச் சட்டத்தை எடுக்காமலே விட்டுவிட்டேன்.

ஒரு துயரமும் நடந்தது. முடிந்த ரோலைக் கழற்றிச் சுற்றும்போது, அதைக் கட்டும் காகிதப் பட்டையின் பசை குளிரில் ஒட்டவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன, ரோல் நெகிழ்ந்து விரிந்தது. வெளிச்சம் ஓரங்களில் புகுந்திருக்கும். பத்தில் எத்தனை தப்பும் என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். இனி ரப்பர் வளையம் போடாமல் எந்த ரோலையும் கழற்றுவதில்லை.

விடுதிக்குள் நுழையுமுன் வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினேன். இல்லாவிட்டால் அறையின் ஈரக்காற்று லென்ஸுக்குள்ளேயே வியர்த்துவிடும்.

மாலையில், காலையில் நின்ற வயலுக்கு எதிரே இருந்த வீட்டின் கதவைத் தட்டினேன். எழுபதைத் தாண்டிய பெரியவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். என்ன வேலை, யாருக்காக, எங்கே நிற்பேன் என்பதைச் சொல்லி, "ஷாஷின், தொத்தேமோ ஈ தெஸ் கா?" என்று கேட்டேன். படம் எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் அந்தக் கேள்வி. பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. காலையில் சாலையோரம் ஒரே இடத்தில் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

தேநீரோடு அந்த அம்மாள் வேகவைத்த உருளைக்கிழங்கை வெண்ணெய் வைத்துக் கொண்டுவந்தார். பெரியவர் பனிக்கடியில் என்ன இருக்கிறது என்று சொன்னார். செப்டம்பரில் விதைத்த கோதுமை முளைவிட்டு, பனிப் போர்வைக்குக் கீழே உறங்குகிறது. மேலே மிதித்தால் பனி இறுகும். இறுகிய பனி மற்ற இடத்தைவிடத் தாமதமாக உருகும், அதன் கீழ் பயிர் அழுகும். மண் தெரியும் காலத்தில் இன்னொரு ஆபத்து: செருப்பில் ஒட்டிவரும் மண்ணோடு உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழுவும் வரும். ஒருமுறை வந்தால் அந்த நிலத்திலிருந்து அதை விரட்டுவது பெரும்பாடு. கோதுமை, உருளை, சர்க்கரை பீட்ரூட், பயறு என்று நிலத்தை மாற்றி மாற்றிப் பயிரிடுவதும் நோயைத் தவிர்க்கத்தான். வெளியூரார் வந்து வியக்கும் அந்த ஒட்டுத்துணிபோன்ற நிறக்கட்டங்கள் பயிர் சுழற்சியால் வந்தவை. அழகுக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒன்று சொன்னார். காற்று அடங்கி வானம் தெளியும் முதல் நாளில் கரித்தூள் போடப்போகிறாராம். வந்து பார் என்றார்.

ஐந்தாம் நாள், மார்ச் 7

பனிப்புயல். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லென்ஸ்களைத் துடைத்தேன், குறிப்பேடு எழுதினேன், தூங்கினேன்.

ஆறாம் நாள், மார்ச் 8

காற்று குறையவில்லை. பெரியவரும் வீட்டில் வானிலை அறிக்கை பார்த்தபடி இருக்கிறார். தூளைப் போட்டபின் புதுப்பனி பெய்தால் எல்லாம் மூடிவிடும், செய்த செலவு வீண்.

நண்பகலில் சற்று வெளுத்ததால் நீலக்குளம்வரை போய்வந்தேன். 1988ல் டோகாச்சி மலை வெடித்தபின் சேற்று வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணைகளில் நீர் தேங்கி உண்டான குளம். 1926ல் இதே மலை கக்கிய சேறு 144 உயிர்களைக் கொண்டுபோயிற்று. குளம் இப்போது முழுக்க உறைந்து, மேலே பனி. பையிலிருந்து கேமராவை எடுக்கவேயில்லை.

ஏழாம் நாள், மார்ச் 9

விடியற்காலையிலேயே தெரிந்துவிட்டது. புகைக்கூண்டிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

ஏழு மணிக்கெல்லாம் பெரியவரின் மகன் ஸ்னோமொபைலின் பின்னால் தூவும் கருவியைப் பூட்டிக்கொண்டிருந்தார். மூட்டைகளில் கரிய தூள். கைப்பிடி அளவு என் உள்ளங்கையில் போட்டுக் காட்டினார் பெரியவர். மாவைவிடச் சற்றுக் கரகரப்பு, விரலிடுக்கில் புகுந்துவிட்டால் கழுவினாலும் போகாத கறுப்பு. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு வெயிலைக் குடிக்கும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே நிலம் தலைகாட்டும். கோடை குறுகிய ஊரில் அந்தப் பத்து நாள் ஒரு விளைச்சலையே தீர்மானிக்கும்.

மூன்றாவது அம்புக்குறிக் கம்பத்தின் அருகில் முக்காலியை ஊன்றினேன். வண்டி கிளம்பியது. குன்றின் விளிம்பைத் தொட்டு முதல் கோடு விழுந்தது. பிறகு அதற்கு இணையாக இரண்டாவது, மூன்றாவது. சரிவின் வளைவு எங்கே இருக்கிறதோ அங்கே கோடும் வளைந்தது. இதுவரை வெறும் வெள்ளையாக, மேடு எது பள்ளம் எது என்று பிரித்தறிய முடியாமல் கிடந்த நிலம் கோடு கோடாகத் தன் உருவத்தைக் காட்டத் தொடங்கியது. வாசலில் புள்ளி வைத்து இழையெடுக்கும் கை எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே வெள்ளையில் கறுப்பு, அவ்வளவே வேறுபாடு.

அக்ரோஸ் போட்டிருந்தேன். ஷட்டர் 1/125 நொடி, லென்ஸ் துளை எஃப்16. காட்சிக் கண்ணாடியில் வண்டி வலமிருந்து இடமாக ஊர்ந்தது, நிலத்தில் இடமிருந்து வலமாக. எந்த வளைவில் வரும்போது அழுத்துவது என்று முன்பே முடிவு செய்து காத்திருக்க வேண்டும். தவறினால் அடுத்த சுற்றுக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் அவர்களுடைய வேலையைப் பார்த்தேன். திரும்பும் இடத்தில் மகன் வேகத்தைக் குறைத்து, முந்தின கோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தார். இடைவெளி ஒரே அளவாக இருந்தால்தான் பனி ஒரே சீராக இறங்கும்.

பத்து மணி அளவில் பெரியவர் சாலைக்கு வந்து, பெட்டிக்குள் என்ன தெரிகிறது என்று கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு குனியச் சொன்னேன். அறுபது ஆண்டுகளாக உழுகிற நிலத்தை அவர் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். மகன் வரும் திசைக்கு எதிராகத் தலையைத் திருப்பி, மீண்டும் குனிந்து, இடம் வலம் மாறியிருப்பதைத் தாமே கண்டுபிடித்துச் சிரித்தார். பிறகு வடக்கு மூலையைக் காட்டி, அங்கே ஒரு கோடு இடைவெளி அகன்றுவிட்டது, இங்கிருந்துதான் தெரிகிறது என்று மகனுக்குக் கைபேசியில் சொன்னார். மகன் போய் அதை நிரப்பினார். நிரப்பிய பிறகு எடுத்ததுதான் அன்றைய எட்டாவது சட்டம்.

மதியத்துக்குள் 3 ரோல் முடிந்தது. முப்பதே படம். ஒன்றைக்கூட அவசரத்தில் எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள், மார்ச் 11, டோக்கியோ

நேற்று முழுவதும் பயணம்.

இன்று காலை ஃபிலிம்களைக் கழுவக் கொடுத்து, மாலையில் கறுப்பு வெள்ளையை மட்டும் வாங்கிவந்தேன். வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து லூப் என்ற உருப்பெருக்கியால் பார்த்தேன். நெகிழ்ந்துபோன ரோலில் நான்கு படங்களின் ஓரம் கருகியிருக்கிறது, ஆறு பிழைத்தது. கரிக்கோட்டு வரிசை நினைத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது. எட்டாவது சட்டத்தில் ஸ்னோமொபைல் ஒரு அரிசியளவு, ஓட்டுகிறவரின் குனிந்த முதுகு அதைவிடச் சிறிது. ஆனாலும் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பது தெரிகிறது.

பெரியவர் ஒரு பிரதி கேட்டிருந்தார், பெரிதாக. கூடத்தில் மாட்டுவதற்கு என்று நினைத்தேன். அதற்கல்ல. எந்தக் கோட்டின் பக்கத்தில் பனி முதலில் இறங்குகிறது என்று அதன் மேல் பென்சிலால் குறித்துவைக்க வேண்டுமாம். நிலம் வெளியே வந்ததும் அதே இடத்திலிருந்து, அதே லென்ஸில், இன்னொன்று எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். மூன்றாவது அம்புக்குறிக் கம்பத்திலிருந்து சாலைப் பக்கமாக இரண்டு அடி, முக்காலியின் உயரம் என் நெஞ்சளவு என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன்.